14 புள்ளி பின்னால் இருந்தபோது தண்ணீர் பிடிக்கப் போனவன்

பாளை பேசர் | 2025 மே 22, காலை 10.40

யாராவது என்னைக் கோட்டிக்காரன் என்று வாய்நிறையத் திட்டினால்தான் மனசு ஆறும். அதற்காகவே இந்த இழை.

இன்று காலை 5.30க்கு அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் நியூயார்க் நிக்ஸ், என் அணியான இந்தியானா பேசர்ஸ் ஆட்டம், நியூயார்க்கில். கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் முதல் ஆட்டம். அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் கருப்பட்டிக் காப்பியை வைத்துக்கொண்டு பார்த்தேன். நான்காம் கால்பகுதியில் 2 நிமிடம் 51 நொடி மிச்சம் இருந்தபோது நிக்ஸ் 14 புள்ளி முன்னால். அவர்கள் ஆள் பிரன்சன் போட்டதெல்லாம் விழுகிறது. டவுன்ஸும் அப்படியே. சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அம்மா வாசலில் இரண்டு குடத்தை நங்கென்று வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தச் சத்தமே போதும்.

நானே தீர்ப்பு எழுதி போனை அணைத்தேன். எட்டுக் குடம். அப்புறம் குளியல், இட்லி, வண்டி. முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது போனைத் திறந்தால் ஒரே ஆளிடமிருந்து 63 செய்தி. துக்கம் விசாரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசிச் செய்தியில் இரண்டே எண்: 138-135. எந்த அணிக்கு எந்த எண் என்று புரிவதற்குள் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

அலுவலக வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்று மீதியைப் பார்த்தேன். எங்கள் நெஸ்மித் நான்காம் கால்பகுதியில் மட்டும் 6 த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) போட்டிருக்கிறான். மொத்த ஆட்டத்தில் 9 த்ரீ முயன்று 8 விழுந்திருக்கிறது, 30 புள்ளி. கடைசி ஒரு நிமிடத்துக்குள்கூட 9 புள்ளி பின்னால் இருந்த அணி இது! அப்புறம் 125-123 என்று வந்து 7 நொடி மிச்சம். எங்கள் ஹாலிபர்டன் உள்ளே புகுந்து, பந்து கையைவிட்டு நழுவப் பார்த்து, திரும்ப வெளியே ஓடிவந்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கிட்ட நின்று எறிகிறான். பந்து ரிங்கின் பின்விளிம்பில் பட்டு போர்டுக்கும் மேலே எழும்பியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முடிவு தெரியும். தெரிந்தும் மூச்சு நின்றது. நேராக வந்து உள்ளே விழுந்தது. 125-125. அப்புறம் ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், ஜெயித்தோம்.

முடிவு தெரிந்தே இப்படி என்றால், நேரடியாகப் பார்த்திருந்தால்? அந்த ஒரு கேள்வியில்தான் காலையிலிருந்து வேலை ஓடவில்லை. திட்டுங்கள்.

---

சுரண்டை நிக்ஸ் | மே 22, காலை 11.05

திட்ட எனக்குத் தெம்பு இல்லை வே. நான் முழுசாகப் பார்த்தேன். பாக்கியசாலி நீர்தான்.

பிரன்சன் 43, டவுன்ஸ் 35. இரண்டு பேர் 78 புள்ளி எடுத்துத் தோற்ற கதையை யாரிடம் போய்ச் சொல்ல? எங்கள் அனுனோபி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (பவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறி) போட்டிருந்தால் ஹாலிபர்டனின் அந்தக் குருட்டு எறி வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். குருட்டு எறிதான். போர்டுக்கு மேலே போய்ப் பந்து திரும்பி உள்ளே வருவதெல்லாம் திறமையில் சேராது, நெல்லையப்பரிடம் யாரோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு சைகை வேறு. அப்போது ஆட்டம் முடியவே இல்லை, சமன்தான்!

---

குறுக்குத்துறை | மே 22, காலை 11.30

அண்ணன்மாரே, நான் கிரிக்கெட் ஆள். தம்பி காட்டியதால் அந்த எறியைப் பார்த்தேன். மூன்று சந்தேகம். நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதானே பந்து விழுந்தது, எப்படிச் செல்லும்? அவ்வளவு தூரத்திலிருந்து போட்டது ஏன் மூன்று இல்லை, இரண்டு? தொண்டையை ஏன் பிடித்தான், ஏதும் அடிபட்டதா?

---

பாளை பேசர் | மே 22, மதியம் 1.15

குறுக்குத்துறை, மூன்றாவது கேள்விக்குச் சிரித்துவிட்டேன். அடிபடவில்லை. 1994இல் நிக்ஸின் இதே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இதே இரண்டு அணி, இதே கிழக்குப் பிரிவு இறுதி. ஐந்தாவது ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் மட்டும் எங்கள் ரெஜி மில்லர் 25 புள்ளி எடுத்தார். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்த நிக்ஸ் ரசிகரான திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயைப் பார்த்துத் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். ‘உங்க ஆட்களுக்குத் தொண்டை அடைச்சிருச்சு’ என்று அர்த்தம். இன்று அந்த மில்லரே வர்ணனையாளராக அங்கே உட்கார்ந்திருக்க, ஹாலிபர்டன் அதையே செய்தான். மூன்று புள்ளி விழுந்தது, ஜெயித்தாயிற்று என்று நினைத்துச் செய்துவிட்டான். கால் கோட்டில் இருந்ததால் இரண்டுதான். அவசரக் கொண்டாட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

---

சுரண்டை நிக்ஸ் | மே 22, மதியம் 1.22

1994 கதையைப் பாதியில் நிறுத்தினால் எப்படி? அந்தத் தொடரை 4-3 என்று ஜெயித்தது யார்? மில்லரின் சைகை படமாக இருக்கிறது, தொடர் எங்களிடம் இருக்கிறது.

---

சென்டர் அண்ணாச்சி | மே 22, மாலை 6.50

தம்பிமார் இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

விளக்கு எரிவதற்கு முன் பந்து கையைவிட்டுப் போயிருந்தால் போதும். அப்புறம் அது காற்றில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் கணக்கில் சேரும். கோடு என்பது இரண்டு புள்ளி எல்லையைச் சேர்ந்தது. ஷூ நுனி கோட்டில் பட்டிருந்தாலும் இரண்டுதான். அவர்கள் ஊர்க் கோடு ரிங்கிலிருந்து 7.24 மீட்டர். நாம் ஆடும் சர்வதேச அளவு 6.75. ரிங்கின் உயரம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றே, 3.05.

இனி குருட்டு எறி என்ற பேச்சுக்கு வருகிறேன். பந்து சுழன்று, உயரமாக வளைந்து வந்தால்தான் ரிங்கில் பட்டாலும் தெறித்து ஓடாது, மேலே எழும்பி அங்கேயே தயங்கும். தட்டையாக எறிந்த பந்து பின்விளிம்பில் பட்டால் பாதி மைதானம் தாண்டி ஓடும். அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. அதிர்ஷ்டம் வந்து உட்கார ஒரு இடம் வேண்டும், அந்த வளைவுதான் அந்த இடம்.

ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் கண் அந்த ஒரு பந்திலேயே நிற்கிறது. ஆட்டம் அதற்கு மூன்று நிமிடம் முன்பே திரும்பத் தொடங்கிவிட்டது. கணக்குப் போடுங்கள். 2 நிமிடம் 51 நொடி என்றால் 171 நொடி. முன்னால் இருக்கும் அணி ஒவ்வொரு முறையும் 24 நொடியையும் கரைக்கிறது, பின்னால் இருப்பவன் 6 நொடியில் எறிகிறான் என்றால் ஒரு சுற்றுக்கு 30 நொடி. ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒவ்வொன்றிலும் நமக்கு ஒரு த்ரீ, அவர்களுக்குச் சுழியம் என்றால் 15. நடக்காது என்று தோன்றும், ஆனால் கணக்கு இடம் கொடுக்கிறது. நடுவில் வேண்டுமென்றே பவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தினால் இன்னும் சுற்று கிடைக்கும். முன்னால் இருப்பவன் அந்த நேரத்தில் ரிங்கைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து ஆடுவான். கை தானாக இறுகும். ஃப்ரீ த்ரோ தவறும். டவுன்ஸ் ஒன்று விட்டார், அனுனோபி ஒன்று விட்டார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், 90களில் பாளையங்கோட்டையில் கல்லூரிக்காக ஆடிய ஒரு ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் நாங்கள் 11 புள்ளி முன்னால். சிமெண்டுத் தரை, சித்திரை வெயில், ரிங்கில் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, ஓரமாகப் போனதா என்று ரெஃப்ரியே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். 11 என்பது 1 ஆனது. எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறியது. முதலாவது உள்ளே போய்த்தான் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன், வலை இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருக்கும். மூன்று பேர்தான் என்னோடு பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அனுனோபியைப் பற்றி யாரும் ஏசாதீர்கள், எனக்கு வலிக்கிறது.

பாளை தம்பிக்கு: உன்னைத் திட்ட மாட்டேன். அன்றைக்கு எங்கள் கோச்சும் 11 முன்னால் இருந்தபோது டீ குடிக்கப் போய்விட்டார்.

---

சமாதானபுரம் கார்டு | மே 22, இரவு 9.10

நான் திட்டுகிறேன், அதற்குத்தானே இழை.

தண்ணீர் பிடிக்கப் போனதை ஏதோ தியாகம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. எங்கள் தெருவுக்கும் அதே நேரம்தான் தண்ணீர். எங்கள் வீட்டில் தினமும் பிடிப்பது நான். போனைக் குழாய்த் திண்டில் சாய்த்துவைத்தேன், குடம் நிறைய நிறைய நெஸ்மித் போட்டான். ஐந்தாவது குடத்தில் ஹாலிபர்டன். நான் கத்திய கத்தில் எதிர்வீட்டு ஆச்சி பாம்பு என்று நினைத்து வாரியலோடு வந்துவிட்டாள். விளக்கம் சொன்னேன். ‘பந்துக்கா இந்தக் கூப்பாடு?’ என்று கேட்டுவிட்டு, ஓவர்டைம் ஐந்து நிமிடமும் என்னோடு நின்று பார்த்தாள். பேசர்ஸின் டாப்பின் எகிறி ரிங்குக்குள் பந்தைத் திணித்த டங்கைப் பார்த்து ‘ரிங்கு பிய்ஞ்சிராதா?’ என்றாள்.

எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: ஓவர்டைமில் பேசர்ஸின் நெம்பார்ட். நானும் அவனைப்போல கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடத்தில், ஆடுகிறவள் என்பதால் சொல்கிறேன். ஹாலிபர்டன் மேல் எல்லோர் கண்ணும் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் பதறாமல் உள்ளே நுழைந்து போட வேண்டும். அதற்குப் படம் வராது, போஸ்டர் வராது.

---

பாளை பேசர் | மே 23, காலை 7.00

திண்டில் போன். இந்த யோசனை 29 வயதுவரை எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் இரவெல்லாம் யோசித்தேன்.

குறுக்குத்துறை தனிச்செய்தியில் ஒன்று கேட்டிருந்தார்: எத்தனையோ அணி இருக்க, பெயரே கேள்விப்படாத இந்தியானாவை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று. காரணம் மும்பை. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் பேசர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் மும்பையில் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவைதான். முதல் ஆட்டத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்திருந்தார்கள். ஓவர்டைம் போய் பேசர்ஸ் 132-131. அடுத்த நாள் 130-106. நான் விடுதி அறையில் நாலு பேரோடு பார்த்தேன். நம் நாட்டுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போன அணி என்ற ஒரே காரணம்தான், வேறு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்று மும்பையில் பேசர்ஸ் சட்டையில் சபோனிஸ், கிங்ஸ் சட்டையில் பட்டி ஹீல்ட். 2022 பிப்ரவரியில் அதே இரண்டு அணிகளும் ஆள் மாற்றிக்கொண்டன. சபோனிஸ் அங்கே போனார், ஹீல்டும் ஹாலிபர்டனும் இங்கே வந்தார்கள். சபோனிஸைக் கொடுத்துவிட்டார்களே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் தீர்ப்புகளின் லட்சணம் எப்போதும் இப்படித்தான்.

இன்னொன்று. போன மாதம்தான் ஆட்டக்காரர்களிடம் பெயர் வெளியிடாமல் ஒரு கருத்துக்கேட்பு நடந்தது. அளவுக்கு மீறிப் புகழப்படுகிறவர் யார் என்ற கேள்விக்கு அதிக ஓட்டு வாங்கியவர் ஹாலிபர்டன். அதற்குப் பிறகு மில்வாக்கியை ஒரு கடைசி நொடிக் கூடையில் முடித்தான், கிளீவ்லாந்தில் இன்னொன்று, இப்போது இது. ஓட்டுப் போட்டவர்களுக்கு யாராவது ஒரு டப்பா அல்வா அனுப்புங்கள்.

---

சுரண்டை நிக்ஸ் | மே 26, காலை 9.15

எங்கே போனீர் வே, சத்தமே இல்லை? மூன்றாவது ஆட்டம், உங்கள் ஊரில், உங்கள் ஆட்கள் 20 புள்ளி முன்னால் இருந்து தோற்றார்களே. 106-100. உங்கள் மருந்தையே உங்களுக்குக் கொடுத்தோம். இந்த முறை எந்தக் குழாயடியில் நின்றீர்?

---

பாளை பேசர் | மே 26, காலை 9.40

குழாயடியில்தான். திண்டில் போன். முழுசாகப் பார்த்தேன். முழுசாகப் பார்ப்பதில் இப்படியொரு கஷ்டமும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

---

சென்டர் அண்ணாச்சி | மே 28, இரவு 8.30

நாலாவது ஆட்டத்தின் எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஹாலிபர்டன் 32 புள்ளி, 15 அசிஸ்ட் (கூடை விழப் பந்து கொடுத்தது), 12 ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடித்தது). பந்தை எதிராளியிடம் விட்டது ஒருமுறைகூட இல்லை. பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் தொடர்களில், இதற்கு முன் யாரும் இப்படி ஆடியதில்லை. கடைசி நொடிக் கூடையை எல்லாரும் பார்ப்பார்கள், பந்தை விடாமல் இருப்பதைப் பார்க்க ஆட்டம் பழகியிருக்க வேண்டும். நான் கோச்சாக இருந்தால் அந்த முதல் ஆட்டத்துப் பந்தைக் காட்ட மாட்டேன், இதைத்தான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன்.

---

பாளை பேசர் | ஜூன் 1, காலை 8.50

ஆறாவது ஆட்டம் 125-108. தொடர் 4-2 என்று எங்களுக்கு. 2000க்குப் பிறகு முதல்முறை என்பிஏ இறுதிப் போட்டி!

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் முறையும் இல்லை. தென்மேற்கு வானம் கருத்துக் கிடக்கிறது, மாடியில் லேசாகக் காற்று. அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ‘எது நம்ம ஆளுக?’ என்றாள். மஞ்சள் என்றேன். அப்புறம் எங்கள் சியாகம் எடுத்த ஒவ்வொரு கூடைக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கைதட்டலாமா என்று அனுமதி கேட்பதுபோல. 31 புள்ளி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே. கேமரூன் நாட்டுக்காரன், பாதிரியார் ஆக வேண்டும் என்று அப்பா சிறுவயதில் குருமடத்தில் சேர்த்த பையன், பதினேழு பதினெட்டு வயதில்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தான் என்று சொன்னேன். பாளையங்கோட்டையில் குருமடம் என்றால் விளக்கம் தேவையில்லை. ‘அவங்க அப்பா இப்ப என்ன சொல்றாரு?’ என்று கேட்டாள். மகன் என்பிஏவுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார் என்றதும், கைதட்டுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரண்டை அண்ணே, உங்களைச் சீண்ட வேண்டும் என்று நேற்றே நாலு வரி எழுதிவைத்திருந்தேன். இப்போது மனசு வரவில்லை. 1973க்குப் பிறகு கோப்பை பார்க்காத அணி உங்களுடையது. எங்களுக்கு என்பிஏவில் ஒன்றுகூடக் கிடையாது. ஏபிஏ என்று தனி லீக் இருந்த காலத்தில் வாங்கிய மூன்றுதான்.

---

சுரண்டை நிக்ஸ் | ஜூன் 1, காலை 9.20

அந்த நாலு வரியைப் போட்டிருக்கலாம். இரக்கம்தான் தாங்க முடியவில்லை.

---

பாளை பேசர் | ஜூன் 6, காலை 9.00

0.3 நொடி. மறுபடியும் ஹாலிபர்டனே. ஓக்லஹோமா அணியோடு இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம், அவர்கள் ஊரில் 111-110. ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட முன்னால் இல்லாமல், கடைசி 0.3 நொடிக்கு மட்டும் முன்னால். 15 புள்ளி பின்னால் இருந்தபோது தண்ணீர் வந்தது. நான் அசையவில்லை. குடம் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வாசல்வரை போய்விட்டது, இப்போது அவர்கள் பேச மாட்டேன் என்கிறார்கள். பரவாயில்லை.

---

சமாதானபுரம் கார்டு | ஜூன் 6, காலை 9.12

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை வழியவிட்டீர்களா? முதல் நாள் திட்டியது குறைவு.

---

பாளை பேசர் | ஜூன் 23, காலை 10.30

இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். 103-91, ஓக்லஹோமா ஜெயித்தது.

ஹாலிபர்டன் கெண்டைக்கால் வலியோடுதான் இறங்கினான். முதல் கால்பகுதியில் மூன்று த்ரீ போட்டான், 9 புள்ளி. அப்புறம் ஒரு அடி முன்னால் வைக்கப் போனவன் அப்படியே விழுந்து தரையைக் கையால் அடித்தான். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது என்கிறார்கள். அவன் இல்லாமலே இடைவேளையில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். கடைசிவரை பார்த்தேன். தண்ணீர் வந்த சத்தம் கேட்டது, அம்மா கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் எல்லாக் குடமும் நிரம்பி மூடியிருந்தது.

---

சுரண்டை நிக்ஸ் | ஜூன் 23, காலை 10.41

பார்த்தேன் வே. குருட்டு எறி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அடுத்த ஆண்டு முழுக்க ஆட மாட்டானோ?

---

சென்டர் அண்ணாச்சி | ஜூன் 23, மதியம் 12.05

அறுந்தால் ஒரு வருஷம் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நம்மூரில் ஆடிய ஒரு பையனுக்கும் இதே காயம்தான் பட்டது. திரும்பி வந்து ஆடினான். முதல் வேகம் இல்லை, ஆனால் பந்து கொடுக்கும் கை அப்படியே இருந்தது.

---

சமாதானபுரம் கார்டு | ஜூன் 23, இரவு 8.00

ஞாயிறு காலை 6 மணிக்கு எல்லாரும் மைதானத்துக்கு வாருங்கள். சுரண்டை அண்ணன் முதல் பஸ்ஸைப் பிடித்தால் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார், காத்திருப்போம். குறுக்குத்துறை, நீங்களும்தான். இரண்டு ரிங்குக்கும் வலை வாங்கிவிட்டேன். அண்ணாச்சி வந்ததும் முதலில் இரண்டு ஃப்ரீ த்ரோ எறிய வேண்டும், எண்ணுவதற்கு எதிர்வீட்டு ஆச்சியைக் கூட்டிவருகிறேன்.